முள்ளந்தண்டிற் கல்: ஒரு நோயறிதலின் வரலாறு

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதைத் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்ற ஒழுங்கைத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே வகுத்துத் தந்தார். இவ்வொழுங்கின் முதற்படியே பல வேளைகளில் மிகக் கடினமானது. கொழும்பு மாநகரில் வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் ஒரு வீட்டுக்குள் ‘முதுகெலும்பிற் கட்டி’ என்ற சொல் நுழைந்துவிட்டால், அதற்குமேல் எவரும் விளக்கம் கேட்பதில்லை. கட்டி என்றாற் புற்றுநோய், புற்றுநோய் என்றால் மகரகம, அத்துடன் எல்லாம் முடிந்தது என்று சுற்றத்தார் எண்ணிக்கொள்கின்றனர். புற்றுநோயிற் பல வகைகள் இன்று குணமாக்கப்படுவதால் அவ்வெண்ணம் ஒருவகையிற் பிழையானது. முள்ளந்தண்டில் உண்டாகும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல என்பதால் அது இன்னொரு வகையிலும் பிழையானது.

அக்கட்டிகளுட் சில, சுண்ணாம்பு ஏறிக் கல்லைப் போல இறுகிக் கிடப்பன. அவை உடலின் வேறிடங்களுக்குப் பரவுவதில்லை. முறையாக எடுத்துவிட்டாற் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. இத்தகைய கட்டிகளைப் புற்றிலிருந்து பிரித்தறிய மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது ஏறத்தாழ 250 ஆண்டுகளாக நிகழ்ந்த வரலாறாகும். இலண்டன், பாரிஸ் முதலிய நகரங்களோடு மதராசுக்கும் கொழும்புக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு.

முதலில் அவ்விடத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மனிதனுடைய முள்ளந்தண்டு 33 முள்ளெலும்புகளாலானது. அவற்றுட் கீழே உள்ளவை வளர்ந்தோரிடத்து ஒன்றோடொன்று இணைந்துவிடும். இவ்வெலும்புகளின் நடுவே உள்ள துவாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒரு குழாயாகின்றன. அக்குழாயினுள்ளே மூளையிலிருந்து இறங்கி வருவது முண்ணாண். அதன் பருமன் ஏறத்தாழச் சுண்டு விரலளவு. நீளம் 45 சென்ரிமீற்றர் வரை. கைகால்களை அசைக்கும் கட்டளையும், தொடுகையும் வலியும் சூடும் குளிரும் பற்றிய செய்தியும், மலசலத்தை அடக்கும் ஆற்றலும் இந்த மெல்லிய வடத்தின் வழியாகவே செல்கின்றன.

வயிற்றினுள் ஒரு கட்டி வளர்ந்தால் அதற்கு இடங்கொடுக்க வயிறு விரியும். முள்ளந்தண்டின் குழாயோ எலும்பாலானது, அது விரியாது. ஆகவே அங்கு வளரும் பொருள் கொடியதாயினும் கொடியதன்றாயினும், நெல்லிக்காய் அளவுக்கு வருமுன்னரே முண்ணாணை நெருக்கத் தொடங்கிவிடும். புற்றல்லாத கட்டியைப் பிறவிடங்களிற் பல ஆண்டு பொறுத்திருந்து பார்க்கலாம்; முண்ணாணை நெருக்கும் கட்டியை அவ்வாறு விட்டுவைத்தல் இயலாது. இவ்வரலாறு முழுவதிலும் வைத்தியர்கள் இரண்டு வினாக்களுக்கு விடை தேடினர். கட்டி எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அது எத்தன்மையது என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு விடை முன்னதாகவே கிடைத்தது. இரண்டாவது வினாவே நெடுங்காலம் வைத்தியரை மயக்கியது.

பழந்தமிழ் மருத்துவர் கால்கள் வலுவிழத்தலையும் உடலின் பாகங்கள் மரத்துப்போதலையும் வாத நோய்களுள் அடக்கினர். வாத நோய்கள் எண்பது எனச் சித்த மருத்துவ நூல்கள் வகுத்துரைப்பதிலிருந்து, வெளிக்குறிகளை அவர்கள் எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பது புலனாகும். ஆனால் உயிரோடிருப்பவனின் எலும்புக்குள் நிகழ்வதைக் காணும் வழி அக்காலத்தில் எந்நாட்டவர்க்கும் இருக்கவில்லை. மேனாட்டிலே பேர்சிவல் பொற் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர், முதுகு கூனி அதனோடு இரு கால்களும் வலுவிழக்கும் ஒரு நோயை 1779 இல் விரித்தெழுதினார். அது முள்ளெலும்பைப் பற்றும் காசநோய் என்பது பிற்காலத்திலே தெளிவாயிற்று. முண்ணாண் நெருக்குண்டு கால் விழுதலுக்குப் புற்றல்லாத காரணமும் உண்டு என்பதற்கு அது தக்க சான்றாயிற்று.

ஈழநாட்டில் இவ்வறிவு தமிழ்மொழியில் நுழைந்த வரலாறும் குறிப்பிடத்தக்கது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவ மாணாக்கரைப் பயிற்றினார். பின்னாளில் அப்பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். கிறே என்பவருடைய உடற்கூற்று நூல் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரோடு தமிழில் வெளிவந்தது. கொழும்பிலே 1864 இல் பெரியாஸ்பத்திரியும் 1870 இல் மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டன. ஆகவே அந்நூற்றாண்டு முடியுமுன்னரே முள்ளந்தண்டின் அமைப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நன்கு கற்ற வைத்தியர் இத்தீவில் இருந்தனர். நூலிற் கற்ற உறுப்பை நோயாளியினுள்ளே காணும் கருவிதான் இன்னும் பிறக்கவில்லை.

கருவி பிறக்குமுன்னரே கட்டியின் இடத்தை அறிவினால் மட்டும் கண்டுபிடித்த பெருமை இலண்டனுக்கு உரியது. இராணுவக் கப்டன் ஒருவர் 1884 முதல் முதுகின் இடப்பக்கத்திலே கொடிய வலியால் வருந்தினார். பல வைத்தியர்களிடம் சென்றார், வலி தீரவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் அவருடைய கால்கள் முற்றாக விழுந்துவிட்டன. அவரைப் பரிசோதித்த வில்லியம் கவர்ஸ், உடலில் எந்த வரம்பிற்குக் கீழே தொடுகையுணர்ச்சி இல்லை என்பதை அளந்து பார்த்து, முண்ணாணின் எந்த மட்டத்தில் நெருக்கம் இருத்தல் வேண்டுமெனக் கணித்தார். 1887 ஆம் ஆண்டு யூன் 9 ஆந் தேதி விக்டர் ஹோஸ்லி சத்திரசிகிச்சை செய்தார். திறந்த இடத்திற் கட்டியைக் காணவில்லை. அருகில் நின்ற உதவியாளரின் தூண்டுதலால் மேலும் ஓர் எலும்பு அகற்றப்பட்டது. அங்கே வாதுமைக் கொட்டை வடிவிலே ஒரு கட்டி கிடந்தது. அது புற்றன்று. அதை எடுத்தபின் அக்கப்டன் மெல்ல மெல்லத் தேறி, ஓராண்டளவிலே மைற் கணக்கில் நடக்கக்கூடியவரானார்.

முண்ணாணை நெருக்கிய ஒரு கட்டியை இடமறிந்து எடுத்து, நோயாளி நலமடைந்த முதல் நிகழ்ச்சியாக இது போற்றப்படுகின்றது. புற்றல்லாத கட்டியும் மூன்று ஆண்டில் ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தும் என்பதும், காலந்தாழ்த்தாது எடுத்தால் விழுந்த கால் மீண்டும் எழும் என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டன. ஆனால் கட்டியின் தன்மை என்னவென்பது உடலைத் திறந்து பார்த்த பின்னரே அன்றும் தெரிந்தது.

எட்டு ஆண்டுகளின் பின்னர், 1895 இல், ஜேர்மனி தேசத்து வில்ஹெல்ம் றொன்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். இக்கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவுகின்றன. கல்சியம் செறிந்த பொருளில் தடைப்படுகின்றன. அதனாலேயே எலும்பு படத்தில் வெண்ணிறமாகத் தோன்றுகின்றது. முள்ளந்தண்டில் மென்மையான கட்டி இருந்தால் அது படத்தில் நேரே தெரியாது. சுண்ணமேறிய கட்டி மாத்திரம் வெண்ணிழலாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் முள்ளெலும்புகளும் விலாவெலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்ற படத்திலே சிறியதொரு கல்லைப் பிரித்தறிதல் எளிதன்று. அவ்வாறு அறிந்தாலும், அது கல் என்பது தெரியுமேயன்றி என்ன கல் என்பது தெரியாது.

1916 இல் குவெக்கன்ஸ்ரெட் என்பவர் ஒரு முறையைக் காட்டினார். இடுப்பில் ஊசி செலுத்தி முண்ணாணைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்தை அளந்துகொண்டு கழுத்து நாளங்களை அழுத்துதல் வேண்டும். வழி திறந்திருந்தால் அமுக்கம் விரைவில் உயரும், அடைபட்டிருந்தால் உயராது. 1921 இல் பாரிஸ் நகரத்தில் சிகார், பொறெஸ்ரியே என்னும் இருவர் வேறொரு வழியைக் கண்டனர். அவர்கள் கசகசா எண்ணெயில் அயடீன் சேர்த்த மருந்தை வலி தீர்ப்பதற்காகச் செலுத்திவந்தனர். அது தற்செயலாக முண்ணாணைச் சூழ்ந்த நீரிற் புகுந்தபோது எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தோன்றியது. அன்று முதல் நோயாளியை மேசையிற் சாய்த்து, அவ்வெண்ணெய் எங்கே தடைப்பட்டு நிற்கின்றது எனப் பார்க்கும் வழக்கம் பரவியது. எண்ணெய் நின்ற இடமே கட்டியின் இடம். இவ்வாறு முதலாவது வினாவுக்குக் கருவியினால் விடை கிடைத்தது.

இரண்டாவது வினாவுக்கான விடையை நுணுக்குக்காட்டி தேடிக்கொண்டிருந்தது. ஜேர்மனியின் றுடோல்ப் வேர்க்கோ, மூளை முண்ணாண்களின் உறையிலிருந்து எழும் சில கட்டிகளுக்குள்ளே மணலைப் போன்ற சுண்ணத் துணிக்கைகளைக் கண்டு, மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அவற்றுக்குப் பெயரிட்டார். 1922 இல் அமெரிக்கரான ஹார்வி குஷிங், உறையிலிருந்து எழும் இக்கட்டிகளுக்கு மெனிஞ்சியோமா என்ற பொதுப்பெயரை வழங்கினார். முள்ளந்தண்டில் இவை நடுவயதைத் தாண்டிய பெண்களிடத்தே மிகுதியாகக் காணப்படுவன. நெஞ்சுக்கு நேரான முதுகுப் பகுதியிலேயே பெரும்பாலும் எழுவன. பெரும்பாலானவை புற்றல்ல. ‘முதுகிலே கல்’ என்று சொல்லப்படுபவற்றுட் கூடுதலாக எதிர்ப்படுவன இவையே.

இனி மதராசுக்கு வருவோம். அந்நகரத்துப் பொது வைத்தியசாலையில் 1934 இல் பார்னாட் கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டது. தோமஸ் பார்னாட் அதன் தலைவர். அக்காலத்தில் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து முதுகு விறைத்து, குனியவும் திரும்பவும் இயலாத நோயாளிகள் காணப்பட்டனர். சிலருக்குக் கால்களும் வலுவிழந்திருந்தன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவர்களுடைய முள்ளந்தண்டு வெண்கட்டியைப் போல வெளுத்திருந்தது. எலும்புகளைப் பிணைக்கும் நாண்களும் சுண்ணமேறி எலும்பாகியிருந்தன. ஷோட், மக்றொபேட், பார்னாட், மன்னாடி நாயர் என்னும் நால்வர் 1937 இல் இந்நோயை விரித்தெழுதினர். அவர்கள் கண்ட காரணம் கிருமியன்று, புற்றுமன்று. குடிநீரில் மிகுந்திருந்த புளோரைட்டே அது.

இக்கண்டுபிடிப்பினால் விளைந்த பயன் பெரிது. ஆண்களுக்கு உண்டாகும் சிலவகைப் புற்றுநோய் முள்ளந்தண்டிற் பரவும்போதும் எலும்பு இவ்வாறே வெளுத்துத் தோன்றும். படத்தை மட்டும் பார்ப்பவர் புளோரைட்டு நோயைப் புற்றெனக் கருத இடமுண்டு. ‘நீர் எந்த ஊரிற் பிறந்து வளர்ந்தீர்? எந்தக் கிணற்று நீரைக் குடித்தீர்?’ என்று கேட்கும் வைத்தியரே அந்த மயக்கத்திலிருந்து தப்புவார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை மேலெல்லையாக வகுத்துள்ளது. இலங்கையின் வரண்ட வலயத்திலே, குறிப்பாக அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில், இவ்வெல்லையைத் தாண்டும் கிணறுகள் உண்டு. அங்கே பிள்ளைகளின் பற்களிற் கறை காணப்படுவது அதனாலேயே. கொழும்பைச் சூழ்ந்த ஈர வலயத்தில் அக்குறை அரிது. தலைநகரத்து வைத்தியர் முன்னே அமர்ந்திருப்பவர் கொட்டாஞ்சேனைவாசியாயினும், இளமையில் அவர் குடித்த நீர் எவ்வூர் நீர் என்பதை அறிவது இன்றும் பயனுடையதே.

நாண் எலும்பாதல் புளோரைட்டினால் மட்டும் உண்டாவதன்று. முள்ளெலும்புகளின் பின்புறமாக ஓடும் நெடிய நாண் கழுத்துப் பகுதியில் எலும்பாகி முண்ணாணை நெருக்கிய ஒருவரைப் பற்றி 1960 இல் ஜப்பானிய வைத்தியர் சுக்கிமொத்தோ எழுதினார். பின்னர் அது பல நாடுகளிலும் அறியப்பட்டது. காசநோயால் முள்ளந்தண்டின் அருகே உண்டாகும் சீழ்க்கட்டியும் நாட்பட்டாற் சுண்ணமேறும். பழுதுற்ற இடைத்தட்டும் அவ்வாறே இறுகுவதுண்டு. இவ்வாறு ‘கல்’ என்ற ஒரே தோற்றத்தினுள்ளே பல நோய்கள் மறைந்திருந்தன.

கொழும்பிலே நிலைமை எவ்வாறிருந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் மூளைக்கும் முண்ணாணுக்கும் எனத் தனியாகச் சத்திரசிகிச்சைப் பிரிவு இலங்கையில் இருக்கவில்லை. அயல்நாடாகிய இந்தியாவில் 1949 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே டொக்டர் ஜேக்கப் சாண்டி அத்தகைய பிரிவை முதன்முதலாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே டொக்டர் பா. இராமமூர்த்தி மதராஸ் பொது வைத்தியசாலையில் மற்றொன்றைத் தொடங்கினார். கொழும்புக் கோட்டையில் இரவுப் புகைவண்டி ஏறித் தலைமன்னாரிற் கப்பல் மாறித் தனுஷ்கோடி வழியாக மதராஸ் செல்லும் பாதை 1964 டிசம்பர்ப் புயல் வரையிலும் திறந்திருந்தது. நடக்க முடியாத நோயாளிக்கு அது இலகுவான பயணமன்று. வசதியில்லாதவர்க்கு எட்டாத பயணமுமாகும்.

1956 இல் டொக்டர் ஷெல்ரன் கப்ரால் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவை ஆரம்பித்தார். அன்று தொட்டு முள்ளந்தண்டுக் கட்டியை எடுப்பதற்குக் கடல் கடக்க வேண்டிய நிலை நீங்கத் தொடங்கியது. அவ்வைத்தியசாலை இன்று இலங்கைத் தேசிய வைத்தியசாலை என வழங்குகின்றது. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படமும், அயடீன் மருந்து செலுத்தி எடுக்கும் படமும், உணர்ச்சி வரம்பை ஊசிமுனையாலும் பஞ்சாலும் அளந்தறியும் பொறுமையுமே அந்நாளில் நரம்பு வைத்தியர்க்கு வாய்த்த கருவிகள். கவர்ஸ் 1887 இல் செய்த கணிப்பையே எழுபது ஆண்டுகளின் பின்னரும் வைத்தியர்கள் செய்துகொண்டிருந்தனர்.

எடுத்த கட்டியின் தன்மையை நோயியல் வைத்தியரே உரைத்தல் வேண்டும். மென்மையான கட்டியாயின் சத்திரசிகிச்சை நடக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துச் சீவி, சில நிமிடங்களில் நுணுக்குக்காட்டியிற் பார்த்து விடை கூறலாம். கல்லாகிய கட்டி அக்கத்திக்கு இணங்குவதில்லை; கத்தி மழுங்கும், துண்டு நொறுங்கும். ஆகவே அதை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தைக் கரைத்த பின்னரே மெல்லிய படலமாகச் சீவலாம். அதற்குச் சில நாட்கள் செல்லும். நோயாளியின் வீட்டார்க்கு அந்நாட்கள் மிக நீண்டவையாகத் தோன்றும். ஆனால் அவசரத்திற் சொல்லும் விடையிலும் ஆறுதலாகச் சொல்லும் சரியான விடையே அவர்களுக்கு நன்மை தரும்.

1971 ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் தேதி இலண்டனின் ஒரு பகுதியாகிய விம்பிள்டனில் புதியதொரு பொறியால் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. அப்பொறியை அமைத்த கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட், ஈ.எம்.ஐ. என்னும் கம்பனியின் பொறியியலாளர். கிராமபோன் ஊதுகுழலின் முன்னே அமர்ந்திருக்கும் நாயின் படம் பொறித்த இசைத்தட்டுக்களை வெளியிட்ட அதே கம்பனி அது. சீ.ரீ. ஸ்கான் என வழங்கும் இப்படம் உடலைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டுகின்றது. ஒவ்வோர் இடத்தின் செறிவையும் எண்ணாற் கூறுகின்றது. நீருக்குப் பூச்சியம், காற்றுக்கு 1000 இன் எதிர்க்கணியம், செறிந்த எலும்புக்கு 1000 அளவு என்பது அவ்வளவுகோல். தலைக்கென அமைந்த பொறி சில ஆண்டுகளில் உடல் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எலும்புகளின் நிழலுக்குள் மறைந்திருந்த கல் அதன்பின் மறைந்திருக்க முடியவில்லை. அதனைத் தொடர்ந்து காந்தப் பரிவுப் படமாகிய எம்.ஆர்.ஐ. வந்தது, முண்ணாணையே நேரிற் காண்பதைப் போல அது காட்டியது. ஹவுன்ஸ்பீல்டும் கோமக்கும் 1979 இலும், எம்.ஆர்.ஐ.க்கு வழிவகுத்த லோட்டர்பரும் மான்ஸ்பீல்டும் 2003 இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

படங்கள் தெளிவுறத் தெளிவுற, முன்னர் பெயரிட்ட எந்த வகையிலும் அடங்காத சில கட்டிகள் வெளிப்பட்டன. 1978 இல் றோட்ஸ், டேவிஸ் என்னும் அமெரிக்க நோயியலாளர் இருவர், மூளைப் பகுதியிற் கண்ட அத்தகைய சிலவற்றை எழுதினர். 1990 இல் இத்தாலியரான பேர்ற்றோனியும் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த உன்னி, டாலின் முதலியோரும் 14 நோயாளிகளை ஆராய்ந்து, அக்கட்டிகளுக்கு ஒரு பெயர் வைத்தனர். தமிழில் அதனை ‘நரம்பச்சின் சுண்ணமேறிய பொய்க்கழலை’ எனலாம். கழலையைப் போலத் தோன்றும். ஆனால் உண்மைக் கழலை அன்று என்பது அதன் பொருள்.

இப்பொய்க்கழலையை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், நடுவிலே உருவமற்ற துகள் நிறைந்த பொருளும், அதன் ஓரத்தில் வேலி நட்டதைப் போல வரிசையாக நிற்கும் கலங்களும், சுற்றிலும் நாரும், இடையிடையே சுண்ணமும் எலும்பும் காணப்படும். அது மெதுவாக வளர்வது. உடல் ஏதோவொரு பழைய புண்ணுக்கோ உறுத்தலுக்கோ காட்டிய எதிர்விளைவே இது என்று பலர் கருதுகின்றனர். உலகம் முழுவதிலும் மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டவை சில நூறுக்குள் அடங்கும். முழுவதும் எடுத்துவிட்டால் மீண்டும் தோன்றுவது அரிது. கதிர்ச் சிகிச்சையோ புற்றுநோய்க்குரிய மருந்துகளோ இதற்கு வேண்டப்படுவதில்லை.

அரியதாயினும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. எலும்பிலும் குருத்தெலும்பிலும் எழும் சில கொடிய புற்றுகளும் படத்திற் சுண்ணமேறியே தோன்றும். பொய்க்கழலையைப் புற்றெனக் கொண்டால், வேண்டாத கடுஞ்சிகிச்சைக்கும் வேண்டாத அச்சத்துக்கும் ஒருவர் ஆளாவார். புற்றைப் பொய்க்கழலை எனக் கொண்டால், காப்பாற்றக்கூடிய காலம் கைநழுவிவிடும். இருபுறமும் இடருண்டு. ஆகவே இக்கால வைத்தியர் ஒன்றை மாத்திரம் நம்புவதில்லை. சீ.ரீ. படத்திற் கட்டி கல்லாக வெளுத்திருக்கின்றதா, எம்.ஆர்.ஐ. படங்களில் அது கறுத்து, நாளத்தில் மருந்து செலுத்தியபின் ஓரம் மட்டும் ஒளிர்கின்றதா, அருகிலுள்ள எலும்பு அரிக்கப்பட்டிருக்கின்றதா, வேறிடங்களிற் புற்று உண்டா, காசநோய் முன்னர் இருந்ததா என்பனவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கின்றனர். அதன் பின்னரும் இறுதி விடையை நுணுக்குக்காட்டிக்கே விடுகின்றனர். படம் எத்துணை நுணுக்கமானதாயினும் அது நிழலே. கட்டியின் துண்டைக் கண்ணாற் காண்பதே உறுதி.

இவ்வரலாற்றிலிருந்து கொழும்புத் தமிழ் மக்கள் கொள்ளத்தக்க பயன் யாது? முதுகுவலி எங்கும் உள்ளது. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் மூட்டை சுமக்கச் செல்லும் நாட்டாமைக்கும் அது வரும்; வெள்ளவத்தையிலிருந்து கந்தோருக்குச் சென்று நாள்முழுதும் கதிரையில் அமர்ந்திருப்பவர்க்கும் வரும். அதைச் சுளுக்கென்றும் வாய்வென்றும் கொண்டு எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பதிலே தவறில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட முதுகுவலிகள் கட்டியினால் வருவன அல்ல. பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே தணிவன.

ஆனால் சில குறிகள் வேறானவை. படுத்தபின் கூடி, நித்திரையைக் கெடுக்கும் முதுகுவலி. நெஞ்சையோ வயிற்றையோ கச்சை கட்டி இறுக்கியதைப் போன்ற உணர்ச்சி. பஞ்சின்மேல் நடப்பதைப் போன்ற தோற்றம். காலிலிருந்து செருப்புக் கழன்று விழுந்ததையும் அறியாது நடத்தல். மாடிப்படி ஏறுகையில் முழங்கால் மடிதல். சலம் கழிப்பதிற் புதிதாகத் தடையோ அடக்க முடியாமையோ உண்டாதல் ஆகியவை முண்ணாண் நெருக்குண்டதைக் காட்டும். இவற்றுள் ஒன்றேனும் தோன்றினால் எண்ணெயையும் ஒத்தடத்தையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முற்றாக விழுந்த காலிலும், சிறிதேனும் அசையும் கால் திரும்பத் தேறுவது எளிது. முன்னர் எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் எறிந்துவிடாது கொண்டுபோதல் நன்று. ஐந்தாண்டுக்கு முன்னைய படத்திலும் அதே கல் அதே அளவில் இருந்ததெனின், அது புற்றாக இருத்தற்கு இடம் மிகக் குறைவு என்று வைத்தியர் ஒரு நொடியில் அறிந்துகொள்வார்.

‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு ஒடுங்கிப்போகும் குடும்பத்தாரும் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும்: ‘இது என்ன கட்டி? நுணுக்குக்காட்டியிற் பார்த்தாயிற்றா?’ 1887 இல் அந்தக் கப்டனை மூன்றாண்டு வருத்தியது கட்டி மட்டுமன்று. இன்னதென்று எவரும் அறியாதிருந்த நிலையும் அவரை வருத்தியது. அன்று உலகிற் சிலரே அறிந்திருந்த கலை இன்று கொழும்பிலேயே பயிலப்படுகின்றது. காலந்தாழ்த்தாது அதை நாடுவதே நோயாளியும் சுற்றத்தாரும் செய்யத்தக்கது.